ஒரே ஒரு கைதட்டல்

ஓவியப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிய சிறுமிக்குக் கூரை பிய்ந்துபோகும்படி கைதட்டினார்கள். முதல் பரிசை அறிவித்ததும் அரங்கமே வாயடைத்துப் போயிற்று.

கடைசி வரிசையில் ஏலக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் பரிசு அவர் மகனுக்கு.

மீன் சந்தையில் அவர் ஒருமுறை கைதட்டினால் ஏலம் முடிந்தது என்று பொருள். நாலு தெருவுக்குக் கேட்கும் அந்தக் கை, இப்போது ஒரு பச்சைத் தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு குட்டைப் பெண் எல்லாருக்கும் கொடுத்த தாள். பள்ளிக்கூடம் கொடுக்கிற காகிதத்தையெல்லாம் எவன் படிப்பான்?

பக்கத்து அறைக் கதவு திறந்தது. மற்ற பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக அரங்கில் உட்கார்ந்திருக்க, அவர் மகனை மட்டும் இத்தனை நேரம் அங்கே கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். ஏன், அவனுக்கு என்ன ஒட்டுவாரொட்டி நோயா?

டாக்டர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்த நாளிலிருந்து அவருக்கு ஒரே பயம்தான். நாலு பேர் பிள்ளையைக் கேலி செய்வார்கள். "இந்த ஸ்கூல்ல அப்படியெல்லாம் இல்லீங்க, கூடப் படிக்கிறதுங்க தங்கம்" என்று மனைவிதான் சொல்லிச் சொல்லிச் சேர்த்தாள். இன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல், அதனால்தான் இவர் வந்திருந்தார்.

விடியுமுன் சந்தைக்குக் கிளம்புகிறவருக்குப் பள்ளிக்கூடமும் தெரியாது, தங்கமும் தெரியாது. மகனைத்தான் எவ்வளவு தெரியும்? வாசலில் இவர் குரல் கேட்டதுமே அவன் உள்ளறைக்குப் போய்விடுவான். எல்லாம் அம்மா கொடுக்கிற செல்லம் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

மகன் தரையைப் பார்த்தபடியே மேடையேறினான். அங்கே அவன் வரைந்த படத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு கூடை மீன், செதில் செதிலாக. தலைமையாசிரியை கோப்பையை நீட்டினார்.

ஒரு கைகூடத் தட்டவில்லை. மாறாக, முந்நூறு பேரும் இரண்டு கைகளையும் உயரே தூக்கி விரல்களை ஆட்டினார்கள்.

டாட்டா காட்டுகிறார்களா? போய்த் தொலை என்கிறார்களா? பிள்ளைகளை விடுங்கள், பெற்றவர்களும் அல்லவா கூடச் சேர்ந்து ஆட்டுகிறார்கள்! இதுகளெல்லாம் படித்த ஜனம். மீன்கூடை தூக்குகிறவனுக்கு இருக்கிற நாகரிகம் இந்தச் சட்டை போட்ட கும்பலுக்கு இல்லை.

ஏலக்காரர் தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். "எல்லாருக்கும் கையில என்னய்யா, சுளுக்கா? யாரு தட்டாட்டி என்னடா, அப்பன் நான் இருக்கேன்!"

தட்டினார். சந்தைக் கை. பத்து ஏலம் ஒரே நேரத்தில் முடிந்ததுபோல் அரங்கம் அதிர்ந்தது.

கோப்பை மேடையில் விழுந்து உருண்டது. மகன் தலையைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்தினான். பிறகு எழுந்து, வந்த அறைக்கே ஓடினான்.

பிள்ளை அவமானத்தில் துவண்டுவிட்டான். ஏழாம் வகுப்பு வரிசை மொத்தமும் திரும்பி ஏலக்காரரை முறைத்தது. முளைத்து மூன்று இலை விடவில்லை, அதற்குள் முறைப்பு வேறு!

ஐந்தாவது நிமிடம் அவர் தாளை விசிறிக்கொண்டு தலைமையாசிரியையின் அறையில் நின்றார்.

"டி.சி. எழுதுங்க டீச்சர்."

"கொஞ்சம் உக்காருங்க. நான் சொல்றதக் கேட்டுட்டு..."

"நீங்க சொல்லிக் கிழிச்சதெல்லாம் போதும். புரிஞ்சுக்கிற பிள்ளைங்களாம், தங்கமாம்! ரெண்டாவது வந்தவளுக்குக் கூரை பறக்குது, எம்பிள்ளைக்கு டாட்டாவா? எங்க சந்தையில அழுகின மீனுக்குக்கூட இத விட மரியாதை உண்டு. இன்னைக்கே எழுதுங்க, இப்பவே. இந்த வாசப்படிய அவன் இனி மிதிக்க மாட்டான்."

தலைமையாசிரியை மறுபடி சொல்ல வந்தார். இடம் கொடுத்தால்தானே பேச? கடைசியில் இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அப்போது அந்தக் குட்டைப் பெண் உள்ளே வந்தாள். இரண்டாம் பரிசுக்காரியும் அவள்தான். விளிம்பு நசுங்கிய முதல் பரிசுக் கோப்பையைக் கொண்டுவந்து படிவத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"மேசைக்கடியில இருக்கான் டீச்சர். எங்க கிளாஸ்ல ரெண்டு பேரு கூட உக்காந்திருக்காங்க. பேச்சுக் கொடுக்கல, சும்மாதான் உக்காந்திருக்காங்க."

"என்ன பாப்பா," என்றார் ஏலக்காரர் இளக்காரமாக, "டாட்டா காட்டி முடிச்சாச்சா?"

அவள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஐஸ் வைக்காத மீனை அவர் சந்தையில் அப்படித்தான் பார்ப்பார்.

"விசிறிக்கிறதுக்கா அங்கிள், அந்தத் தாள நாங்க முந்நூறு தடவ கையால எழுதுனோம்?"

ஏலக்காரர் கையைப் பார்த்தார். வியர்வையில் ஊறிய பச்சைத் தாள் இன்னும் அதில்தான் இருந்தது. மடிப்பைப் பிரித்தார். குண்டு குண்டாகக் குழந்தைக் கையெழுத்து.

'முதல் பரிசு வாங்க வருகிறவன் எங்கள் நண்பன். கைதட்டும் சத்தம் அவனுக்கு அடி விழுகிற மாதிரி வலிக்கும். தயவுசெய்து இரண்டு கையையும் தூக்கி விரலை ஆட்டுங்கள். அதுதான் அவனுக்குக் கைதட்டல். இப்படிக்கு, ஏழாம் வகுப்பு.'

அவர் நிமிர்வதற்குள் அவள் தலைமையாசிரியையின் பக்கம் திரும்பிவிட்டாள்.

"முந்நூறு பேரு தட்டல, ஒருத்தர்தான் தட்டினாரு. டி.சி.ய அவருக்குக் குடுங்க டீச்சர்."