பன்னிரண்டு மணி அறிவித்தல்

கோலியர்ஸ் வுட்டில், கடைக்கு மேலே இருக்கும் சின்னத் தமிழ்த் தொலைக்காட்சி நிலையத்தில், டொலறஸ் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்திருக்கிறாள். "அக்கா, தம்பி செத்தது அம்மாவுக்கு இன்னும் தெரியாது. கனடா அண்ணை அவசரப்பட்டு அறிவித்தல் குடுத்திட்டார். பன்னிரண்டுக்கு அம்மா டீவிக்கு முன்னாலைதான் இருப்பா. பிளேஸ்டோ ஸ்டேஷனிலை இறங்கிட்டன், நான் வீட்டை போய்ச் சொல்லுமட்டும் போடாதேங்கோ," என்கிறாள் கம்சிகா. யாராவது இப்படிக் கேட்டால் மரண அறிவித்தலை நிறுத்திவைப்பது இங்கே வழக்கம். ஆனால் போன மாதம் இந்த நிலையத்தையும் இன்னும் மூன்றையும் ஒரே முதலாளி வாங்கிவிட்டார். நான்குக்கும் ஒளிபரப்பு வேறெங்கோ இருந்து போகிறது. டொலறஸின் விரல் நிறுத்தும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறது. அதில் விளக்கு எரியவில்லை. தலைமை அலுவலகத்துக்கு எடுத்த மற்றத் தொலைபேசி, காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டுக்கொண்டே இருக்கிறது. "ஓடு பிள்ளை, ஓடு!" காதுக்குள் சப்பாத்துச் சத்தமும் மூச்சிரைப்பும். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தொடுகிறது. திரையில் வீணை இசையோடு மாலை போட்ட ஒரு முகம் தெளிகிறது. "வந்திட்டன் அக்கா, கதவு திறக்கிறன்." சாவி திரும்புகிறது. கதவுக்கு அப்பால், அந்த வீட்டுக்குள்ளிருந்து, அதே வீணை கேட்கிறது.