துரையின் இடது குதிகால்

"பந்து எங்க போச்சுன்னு பாத்தயோடா, மொக்கையா?"

"பந்தப் பாக்கல தொர. காலப் பாத்தேன்."

அனந்தநாராயணன் கோல்ஃப் மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு திரும்பினார். கல்பாத்தியில் பிறந்து, மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு மேனேஜராக வந்தவர். வெள்ளைக்காரர்கள் மலையிறங்கிப் போனபோது அவர்களுடைய தொப்பி, பங்களா, ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் மூன்றும் அவர் பொறுப்புக்கு வந்தன. தொப்பி மட்டும் பொருந்தியது.

மொக்கையன் அவருடைய மட்டைப் பையைத் தூக்குகிறவன். ஐம்பத்தைந்து வயது. துரை அடிக்கும்போது மற்றவர்கள் எல்லாம் வானத்தைப் பார்ப்பார்கள். இவன் மட்டும் அவருடைய பூட்ஸுக்கு அருகில் குந்திக்கொண்டு பூட்ஸையே பார்ப்பான்.

முந்தைய ஆள் கபிரியேல் ஒரே வாரத்தில் மூன்று பந்துகளைத் தொலைத்தான். துரை அவனைக் கவ்வாத்து வேலைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். நாள் முழுக்க மலைச்சரிவில் நின்று தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டித் தள்ளுகிற வேலை அது. மொக்கையன் வயதுக்கு அது ஒரு மாதம் தாங்காது. அந்தப் பயம் இருந்தால்தான் ஆள் ஒழுங்காக வேலை செய்வான் என்பது துரையின் நிர்வாகக் கொள்கை.

"கால்லேர்ந்தா பந்து முளைக்கும்? இதும் போச்சுன்னா நாளைக்கு நீயும் கத்தியத் தூக்கிண்டு மலையேற வேண்டியதுதான்."

"சோத்தாங்கால்லயே பாரம் நின்னு போச்சு தொர. பந்து ஓடைப் பக்கமா, ரெண்டாவது கிராண்டிஸ் மரத்துக்கிட்ட கெடக்கும்."

போனார்கள். முழங்கால் உயரப் புல். மொக்கையன் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் புல்லைத் தடவிக்கொண்டே நடந்தான். மரத்திலிருந்து நாலாவது எட்டில் நின்றான். குனியவில்லை. கால் பெருவிரலை மட்டும் தூக்கிக் காட்டினான். அடியில் பந்து.

அடுத்த பந்துக்கு இடது குதிகால் அவசரப்பட்டது என்று ஓர் இடம் சொன்னான். சொன்ன இடத்தில் பந்து இருந்தது. அதற்கடுத்ததற்கு முழங்கால் பூட்டிக்கொண்டது என்றான், அதுவும் இருந்தது. பந்து தரையில் விழுவதற்கு முன்பே இவன் தீர்ப்புச் சொல்லிவிடுகிறான். லண்டனில் அச்சான நான்கு புத்தகங்களைத் துரை மனப்பாடமாக வைத்திருந்தார். அவை தோளைப் பற்றியும் மணிக்கட்டைப் பற்றியும் எழுதியிருந்தன. இப்படி ஒரு அதிசயத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அன்று வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு தொழிலாளியிடம் பாடம் கேட்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டுதான் கேட்டார்.

"அடிக்கிறது கையி இல்ல தொர," என்றான் மொக்கையன். "பீச்சாங்கால் குதி மொதல்ல மண்ணுல எறங்கணும். பெறவு இடுப்பு திரும்பணும். கையி சும்மா கூட வந்தாப் போதும்."

கேட்டதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வாரத்தில் கோப்பைப் போட்டி. மூன்று வருஷமாகக் கோப்பை அடுத்த எஸ்டேட் குரியனிடமே போய்க்கொண்டிருந்தது. குரியனின் மனைவி அதில் பிளாஸ்டிக் பூ வைத்திருந்தாள். விருந்துக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பூ அனந்தநாராயணனைப் பார்த்துச் சிரித்தது. நாலாவது தடவையும் தோற்றால் கிளப்பில் தலைகாட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

இரவும் பகலும் பயிற்சி நடந்தது. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் குதிகால் ஏறி இறங்கியது. கொழுந்து நிறுக்கும் இடத்திலும் ஏறி இறங்கியது. துரைக்கு வாதம் வந்துவிட்டதாகக் கொழுந்து பறிக்கும் பெண்கள் பரிதாபப்பட்டார்கள். கிளப் கரும்பலகையில் ஒரு பெரிய பாதத்தை வரைந்து, அனந்தநாராயணன் குதிகால் தத்துவம் என்று தலைப்பிட்டு, ஒன்றரை மணி நேரம் பேசினார். மொக்கையன் பெயர் அதில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைசிக் குழிவரை குரியனும் அவரும் சமமாக வந்தார்கள். மீதி நூற்றைம்பது கஜம். நடுவில் ஓடை. துரை மட்டையை உயர்த்தினார். இடது குதிகால் எழுந்தது, இறங்கியது, இடுப்பு திரும்பியது, கை சும்மா கூட வந்தது.

"சரியா விழுந்துச்சு தொர," என்று பையைத் தோளில் மாட்டினான் மொக்கையன். பந்து அப்போது மேகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஓடையைத் தாண்டி இறங்கி, உருண்டு, குழிக்கு ஒரு முழம் இப்பால் நின்றது. குரியன் தொப்பியைக் கழற்றினார்.

மாலையில் கோப்பையைக் கையில் வாங்கியதும் துரைக்கு ஏனோ தத்துவம் பேச வாய் வரவில்லை. வாசலில் நின்ற மொக்கையனை மேடைக்குக் கூப்பிட்டார். உலகமே பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது காலைப் பார்த்தவன் இவன் ஒருவன்தான் என்றார். அந்தக் கிளப்பில் அவர் பேசிய முதல் உண்மை அது. தாம் இருக்கும்வரை மொக்கையனே தம் பையைத் தூக்குவான், அவனை யாரும் கவ்வாத்துக்கு அனுப்ப முடியாது என்று அறிவித்தார். கை தட்டினார்கள்.

"மெய்யாத்தான் சொல்றீகளா தொர?"

கிளப் புத்தகத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேறு என்ன வேண்டுமோ கேள் என்றார்.

மொக்கையன் அந்தப் புத்தகத்தை வாங்கி, மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டே வைத்துக் கையெழுத்தைத் தேடினான். பிறகு நிம்மதியாக நிமிர்ந்தான்.

"அப்பிடின்னா மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வரப் பத்து நாள் லீவு குடுங்க தொர. பந்து கண்ணுக்குத் தெரிஞ்சு மூணு வருசமாச்சு. எனக்குத் தொர காலு வரைக்குந்தான் தெரியுது."