ஆவி வேஷம்

தொலைக்காட்சித் தொடரில் அப்பாவாக நடித்தவர் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் சாகிற காட்சியைப் போன வாரம் நான்தான் எழுதியிருந்தேன்.

“என்னைத் திரும்பக் கொண்டு வாம்மா.”

“ஆவியா வாங்க சார். கதையில பேய் வந்தா ஜனங்க நகராம உட்கார்ந்து பார்ப்பாங்க.”

“ஆவி வேண்டாம். உயிரோட வரணும். செத்தது வேற ஆள்னு எழுதிடு.”

எனக்கு அலுப்பாக இருந்தது. இன்றைக்கு இன்னும் இரண்டு காட்சிகள் எழுத வேண்டும்.

“ஏன் சார், பேயா நடிக்கிறது கௌரவக் குறைச்சலா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என் வீட்டுக்காரிக்கு மறதி நோய்மா. டிவியில வர்றதெல்லாம் நிஜம்னு நம்புறா. நான் செத்ததைப் பார்த்ததுலேருந்து என் கையால ஒரு வாய்கூட வாங்க மாட்டேங்கிறா. பேய் ஊட்டினா யாரும்மா சாப்பிடுவா?”