செம்பு ஏறாத இடம்

நீலக் கரைசலிலிருந்து கரண்டியை வெளியே எடுத்தார் சார்.

பித்தளை முழுக்கச் செம்பு முலாம் ஏறியிருந்தது, குழியின் நடுவே ஒரு வட்டத்தைத் தவிர. அங்கே மட்டும் பித்தளை மஞ்சளாகப் பல்லை இளித்தது.

வகுப்பு மொத்தமும் எட்டி அந்த வட்டத்தைப் பார்த்தது. பிறகு திரும்பி அவளைப் பார்த்தது.

கரண்டியைத் தேய்த்தவள் அவள்.

வேதியியல் ஆய்வகத்தில் எதைத் தேய்ப்பதானாலும் அவள்தான். சோதனைக் குழாய், குடுவை, கரண்டி, எல்லாம். பேட்டரியில் வயர் மாட்டுவது முன்பெஞ்சுக்காரிகள். ரீடிங் எடுப்பதும் அவர்கள். பதினொன்றாம் வகுப்பில் தொடங்கிய வழக்கம். பன்னிரண்டும் முடியப்போகிறது. இன்றுவரை அவள் ஒரு வயரைத் தொட்டதில்லை.

"உனக்குத்தாம்மா பழக்கம்" என்பார் ஞானதுரை சார். பாராட்டுகிற மாதிரியே சொல்வார்.

அவள் அம்மா கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறாள். சாருக்குத் தெரியும். அவர் மகள் கல்யாணமும் அந்த மண்டபத்தில்தான் நடந்தது.

ஆய்வகத்தில் அமில பாட்டில் காலியாகி மாதக்கணக்கு ஆகிறது. அதனால் இன்றைக்குக் கரண்டி தேய்க்க வீட்டிலிருந்து புளியும் உப்பும் கொண்டுவந்திருந்தாள். தேய்த்தாள். மூன்று தண்ணீரில் அலசினாள். காம்பைத் தவிர வேறெங்கும் விரல் படாமல் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சார் அப்போதுதான் இன்டர்வெல் முடிந்து வந்திருந்தார். பஜ்ஜி சுற்றிய பேப்பரைக் கசக்கி எறிந்துவிட்டு, அதே கையால் கரண்டியை வாங்கினார். குழியில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்து வகுப்புக்குத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க. இப்படித்தான் பளிச்சுன்னு இருக்கணும்."

அப்படியே கரைசலில் இறக்கினார்.

எண்ணெய் பட்ட இடத்தில் செம்பு பிடிக்காது. பாடத்திலேயே இருக்கிறது. அவளுக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. இருபது நிமிடம் அந்தக் கரைசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லாமல் விட்டதற்கும் சேர்த்துத்தான் இப்போது கோபம்.

"பாத்திரம் தேய்க்கிற வீட்டுலேர்ந்து வர்ற. ஒரு கரண்டியை ஒழுங்காத் தேய்க்கத் தெரியல" என்றார் சார்.

யாரோ சிரித்தார்கள்.

சிரித்ததுகூடப் போகட்டும். சார் சாக்பீஸை எடுத்தார்.

ரெக்கார்டு நோட்டில் கடைசியாக 'பிழைக்கான காரணங்கள்' என்று மூன்று வரி எழுத வேண்டும். மின்சாரம் சீராக இல்லாதது. கரைசலில் அழுக்கு. தராசில் கோளாறு. எந்தச் சோதனையானாலும் இந்த மூன்றுதான். போன வருட அக்காக்களின் நோட்டிலிருந்து அச்சுப் பிசகாமல் இறங்கி வருபவை.

இன்றைக்கு நான்காவதாக ஒன்று சேர்ந்தது. சார் கரும்பலகையில் எழுதிக்கொண்டே சத்தமாகப் படித்தார்.

கரண்டியைத் தேய்த்தவரின் கவனக்குறைவு.

முப்பத்தொரு பேனாக்கள் ஓடின.

நாளைக்கு எல்லா நோட்டிலும் கையெழுத்து விழும். செய்முறைத் தேர்வன்று வேறு பள்ளி ஆசிரியர் வந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவார். எல்லாவற்றிலும் அவள் குற்றம் இருக்கும். போதாததற்கு அதை அவளும் தன் நோட்டில், தன் கையாலேயே எழுதிக்கொள்ள வேண்டுமாம்.

பஜ்ஜி தின்றவர் அவர். கவனக்குறைவு இவளுக்கு. நல்ல நியாயம்.

அம்மா தேய்த்த அண்டாவில் பிசுக்கு இருந்தது என்று இதுவரை ஒருவர் வாயிலிருந்தும் வந்ததில்லை.

பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்தாள்.

அலமாரியில் இன்னொரு பித்தளைக் கரண்டி இருந்தது. எடுத்தாள். மிச்சமிருந்த புளியை மொத்தமும் போட்டுத் தேய்த்தாள். கறை போனபிறகும் தேய்த்தாள். தேய்த்த வேகத்தில் கண்ணாடிக் குடுவைகள் மேஜையில் கிடுகிடுத்தன. யாரும் தடுக்கவில்லை. சார் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

அலசினாள். காம்பை இடுக்கியால் பிடித்துக்கொண்டு வந்து அவர் எதிரே நீட்டினாள்.

"இதையும் வாங்கித் தூக்கிக் காட்டுங்க சார். முன்ன பிடிச்ச மாதிரியே பிடிங்க."

சாரின் கை பாதி தூரம் வந்தது.

வாங்கவில்லை.

முன்பெஞ்சில் ஒருத்தி பழைய கரண்டியைத் தன் பக்கம் இழுத்தாள். மஞ்சள் வட்டத்தின் மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். வட்டம் அவள் விரலைவிடப் பெரிதாக இருந்தது. பக்கத்துப் பெண்ணிடம் தள்ளினாள். அவளும் வைத்துப் பார்த்தாள். கரண்டி பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போனது.

தேய்த்தவள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. நேராகப் பேட்டரி பக்கம் போனாள். முன்பெஞ்சுக்காரிகள் ஒதுங்கினார்கள். சிவப்பு வயரைச் செம்புத் தகட்டில் மாட்டினாள். கறுப்பைக் கரண்டியில் மாட்டினாள். கரண்டியைக் கரைசலில் இறக்கி சுவிட்சைப் போட்டாள்.

"பெல் அடிக்கப்போகுது" என்றார் சார். குரல் இறங்கியிருந்தது. "இருபது நிமிஷம் ஆகும்மா."

"ஆகட்டும் சார்."

பெல் அடித்தது.

ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அவள்மேல் திடீர்ப் பாசமெல்லாம் கிடையாது. அவர்களுக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

சார் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.