பெட்ரோல் மாப்பிள்ளை

"உங்க வீட்டுக்காரருக்கு பெட்ரோல் பங்க்காரங்க ஏதாச்சும் சொந்தமாம்மா?" என்று கேட்டார் மெக்கானிக், கையைத் துணியில் துடைத்தபடி.

அவளுக்குச் சுருக்கென்றது. கேலி புதிதல்ல. டாக்சி ஸ்டாண்டில் அவள் கணவருக்குப் பெயரே 'பெட்ரோல் மாப்பிள்ளை'தான். கரும்பிலிருந்து எடுக்கிற பயோ எரிபொருள் வந்ததிலிருந்து ஸ்டாண்டில் அத்தனை வண்டியும் அதற்கு மாறியாகிவிட்டது. விலை குறைவு, புகையும் குறைவு. இவர் ஒருத்தர் மட்டும் பெட்ரோலைக் கட்டிக்கொண்டு அழுகிறார்.

"பயோ போட்டா எஞ்சின் அரிச்சுப் போயிடும்னு சொல்றாரே?"

"பழைய வண்டின்னா சரி. இது ரெண்டுக்கும்னே செஞ்ச வண்டிம்மா. எதை வேணாலும் ஊத்தலாம். நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு."

கணவர் அந்தப் பக்கம் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்காத மாதிரி.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். ஒரே வண்டி, இரண்டு டிரைவர்கள். பகலில் கணவர், சாயங்காலத்திலிருந்து அவள் தம்பி. வண்டியைக் கைமாற்றுகிறவர் டேங்க்கை நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதுவும் பெட்ரோல்தான் போட வேண்டும் என்பது கணவரின் ஏற்பாடு. தம்பி முதலிலிருந்தே பயோ கட்சி. இன்று காலை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்.

"மாமா பயோவுக்கு மாறலைன்னா இனி இந்த வண்டியைத் தொட மாட்டேன்க்கா. குடோன்ல மூட்டை தூக்கற வேலை இருக்காம். அங்கேயே தங்கிக்கறேன்."

இந்த ஒரு வருஷமாகத்தான் அவன் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, அக்கா பிள்ளைகளோடு சிரித்துப் பேசுகிறான். இந்த வீட்டை விட்டுப் போனால் மறுபடி அந்தப் பழைய கூட்டாளிகளிடம்தான் போய் விழுவான். ஒரு டேங்க் பெட்ரோலுக்காகத் தம்பியைத் தொலைக்க வேண்டுமா?

வண்டி கிளம்பியதும் பொரிந்து தள்ளினாள்.

"உங்க வறட்டுப் பிடிவாதத்துக்கு என் தம்பிதான் கிடைச்சானா?"

"பெட்ரோல்லதான் வண்டி நல்லா இழுக்கும்."

"ஆமா. நம்ம எல்லாரையும் தெருவுக்கு இழுத்துட்டுப் போகும்."

அவர் கியரை மாற்றினார். இந்த மனுஷனோடு சண்டை போடுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

பங்க்கில் வண்டி நின்றதும் அவளே முதலில் இறங்கினாள். அங்கே நின்ற பெண்ணிடம், "பயோ போடும்மா. டேங்க் ஃபுல்," என்றாள்.

கணவர் இறங்கி வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். படவில்லை.

"முன்னாடி நிக்கற அந்த வண்டிக்கு பயோதான் ஊத்தறாங்க. கிட்டப் போய் ஒரு நிமிஷம் நில்லு. அப்புறமும் உனக்கு அதுதான் வேணும்னா போட்டுக்கலாம்," என்றார்.

இது என்ன புதுக் கூத்து என்று போய் நின்றாள். குழாயை வெளியே எடுத்தார்கள். குப்பென்று வந்தது வாடை.

சாராய வாடை.

அவள் ஆடிப்போய்விட்டாள். ஒரு காலத்தில் தம்பி வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே நுழைந்த வாடை அது. எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கசக்கினாலும் அவன் சட்டையை விட்டுப் போகாதது. அந்தக் குடியிலிருந்து அவனை மீட்டுக் கொண்டுவர ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

திரும்பி வந்தபோது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"தினம் அவனும் வந்து பக்கத்துல நின்னு இதைப் பிடிக்கணும்ல," என்றார் கணவர் மெதுவாக. "சட்டையில ஏறினா போற இடமெல்லாம் கூடவே வரும். நல்லாயிருக்கான். எதுக்கு வம்பு?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ அவனைப் பார்க்கிற பார்வையே மாறிடும். அவன் அதைக் கண்டுபிடிச்சுடுவான். மாமா நம்மள நம்பலைன்னு தோணிட்டா தாங்க மாட்டான். என்னைப் பிடிவாதக்காரன்னு நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும். எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது அவளுக்கு. பின்னாலிருந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"பெட்ரோலே போட்டுடும்மா," என்றாள் அந்தப் பெண்ணிடம்.

வீட்டு வாசலில் தம்பி தயாராக நின்றுகொண்டிருந்தான். காலடியில் துணிப் பை. கணவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"பெட்ரோல்தான்டா போட்டிருக்கு. நான்தான் போடச் சொன்னேன். கோபம்னா என்மேல படு. திட்டறதுன்னாலும் என்னைத் திட்டு. வீட்டை விட்டு மட்டும் போகாதே."

தம்பி அவள் முகத்தையே பார்த்தான். கணவர் சாவியை அவன் கையில் வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அவர் தலை மறைகிறவரை காத்திருந்து, தம்பி தணிந்த குரலில் சொன்னான்.

"மாமா ஏன் பெட்ரோல் போடறாருன்னு எனக்கு முதல் வாரமே தெரியும்க்கா. என் ஒருத்தனுக்காக ஸ்டாண்டுல அத்தனை பேர் கேலியையும் வாங்கிக்கறாரு. 'எனக்காக வேணாம் மாமா'ன்னா கேட்க மாட்டாரு. சண்டை போட்டுட்டு நான் போயிட்டா, அப்பவாவது பயோவுக்கு மாறிக்குவாரேன்னுதான்…"