பச்சையாக மாறிய தண்ணீர்

இரவெல்லாம் பேருந்து ஓட்டிவிட்டு வந்த ஓட்டுநர், சீருடையைக்கூடக் கழற்றாமல் மீன்தொட்டியின் முன் உட்கார்ந்திருக்கிறார். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தொட்டித் தண்ணீரைக் குப்பியில் எடுத்து, நச்சு சேர்ந்திருக்கிறதா என்று காட்டும் சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார். காலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நல்ல தண்ணீரென்றால் மஞ்சளாக மாறியிருக்க வேண்டியது, கரும்பச்சையாக இருக்கிறது. அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த மனைவி இரைச்சல் இல்லாமல் தூங்கட்டும் என்று, மூன்று நாளாகத் தொட்டியின் வடிகட்டியை நிறுத்தி வைத்தவர் அவர்தான். "தண்ணி கெட்டுப்போச்சா?" என்று உள்ளறையிலிருந்து அவள் கேட்கிறாள். "நீ இன்னும் தூங்கலையா?" "அந்தச் சத்தம் இல்லாம எனக்கு எங்க தூக்கம் வருது? மூணு நாளா முழிச்சுத்தான் கிடக்கேன்." "சொல்லியிருக்கலாம்ல?" "எனக்காகத்தானே நிறுத்துனீங்க." பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு அவர் சுவிட்சைப் போடுகிறார். வடிகட்டி முனகத் தொடங்குகிறது. குப்பியைக் கழுவ எழுந்தவர், உள்ளே மெல்லிய குறட்டை கேட்டதும் அப்படியே தரையில் சாய்ந்துகொள்கிறார்.