சனிக்கிழமை அப்பா

“கொஞ்சம் வேகமாத்தான் ஓட்டேன் தம்பி. மாடு மேய்க்கவா போறோம்?”

மிலுடின் முன் இருக்கையில் நிலைகொள்ளாமல் நெளிந்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து உஷிட்சே நகருக்குப் போகும் பஸ்ஸை நிறுத்தி இரண்டு மாதமாகிவிட்டது. வழிச்செலவுக்கு வக்கில்லாத தகப்பன்களைப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க நகரத்துச் சங்கம் ஒன்று இலவசமாகக் கார் அனுப்புகிறது என்று கேள்விப்பட்டு, நேற்றுத்தான் போன் செய்திருந்தான். காலையில் இந்தக் கார் வந்து நின்றது.

“வளைவுல பனி உறைஞ்சிருக்கு அண்ணே. உருண்டா நாம போக மாட்டோம், சேதிதான் போகும்.”

“கோர்ட்டு சொன்னபடி சனிக்கிழமை மதியத்துக்குள்ள நான் என் பையன் முன்னாடி நிக்கணும். ஏற்கெனவே ரெண்டு தடவை போக முடியல. இன்னொரு தடவை தவறினா, பார்க்கிற உரிமையையே கோர்ட்டு பிடுங்கிடும். அதுக்குத்தான் அந்த ஆளும் காத்துக்கிட்டிருக்கான்.”

“எந்த ஆளு?”

“என் பொண்டாட்டியா இருந்தவ போன மாசம் கட்டிக்கிட்டாளே, அவன்தான். நான் பார்த்ததில்ல. நகரத்துக்காரன். திமிரு இருக்கும்.”

“இருக்கும் அண்ணே,” என்றான் காரோட்டி.

மிலுடினுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. “உனக்குப் பிள்ளைங்க?”

“வீட்டுல ஒரு பையன். எங்கிட்ட முகம் கொடுத்தே பேச மாட்டேங்கிறான்.”

“நீ என்ன பண்றே?”

“பள்ளிக்கூடம் எப்படி, சாப்பிட்டியான்னு கேப்பேன்.”

“போச்சு! போலீஸ்காரனா நீ? வாயை மூடிக்கிட்டுப் பக்கத்துல உட்காரு. ஒரு தூண்டில் வாங்கி ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போ. மீன் மாட்டலைன்னாலும் அவனாப் பேசுவான். என் ரெல்யா அப்படித்தான் ஒட்டிக்கிட்டான்.”

“புழுவை நான் கோத்துக் கொடுக்கணுமா?”

“கொடுத்தியோ, கெட்டுது காரியம்! அவனே கோக்கட்டும்.”

காரோட்டி கவனமாகத் தலையாட்டிக்கொண்டான்.

அடுத்த திருப்பத்தில் பனி சரிந்து பாதையை மூடியிருந்தது. மிலுடினுக்கு அழுகையே வந்துவிட்டது. காரோட்டி இறங்கி, முழங்கால் புதையும் பனியில் நின்று மண்வெட்டியால் வழி வெட்டினான். திரும்பி வந்தபோது அவன் விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன.

“கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் தம்பி,” என்றான் மிலுடின். “உன் பையன் கொடுத்து வச்சவன். என் பிள்ளைக்கு வாய்ச்சிருக்கிறதைப் பாரு!”

நகரத்துக்குள் கார் நுழைந்தபோது தேவாலயத்தில் மதிய மணி இன்னும் அடிக்கவில்லை. மிலுடின் மூன்று மாடி ஓடி ஏறி, பையன் இருக்கும் வீட்டின் அழைப்பு மணியை அழுத்தினான். கதவு திறக்கவில்லை. மறுபடியும் அழுத்தினான்.

“வேணும்னே திறக்க மாட்டேங்கிறாங்க!” என்று பல்லைக் கடித்தான்.

பின்னாலேயே மூச்சு வாங்க ஏறி வந்த காரோட்டி அவன் தோளை மெல்லத் தொட்டான்.

“பெல் ரிப்பேர் அண்ணே. கொஞ்சம் தள்ளிக்குங்க, சாவி எங்கிட்ட இருக்கு.”